மழைநாளுக்குப் பேர் கிடையாது

கரவனெல்லையில் மழைக்குக் குறைவில்லை. களனி கங்கையின் பள்ளத்தாக்கில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்கு வெளியூர் ஆட்கள் வந்தால் ஆதார வைத்தியசாலைக்கு வருவார்கள், அல்லது எட்டியாந்தோட்டைப் பக்கம் போகிற வழியில் கடந்து போவார்கள். சுற்றிலும் றப்பர். மேட்டுப் பக்கமாகப் போனால் தேயிலையும் உண்டு. றப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு மழை எவ்வளவு பெரிய பகை என்பது தேயிலைத் தோட்டத்துச் சகோதரிகளுக்கே முழுதாகத் தெரியாது. தேயிலையை நனைந்துகொண்டாவது பறிக்கலாம். றப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்து வீணாகிவிடும். விடியற்காலையில் மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை.

"பேர்" என்ற சொல்லை வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்து வாசிக்கும் சகோதரிகளுக்காக விளக்கிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதை நாட்சம்பளம் மட்டும் தீர்மானிப்பதில்லை, மாதத்தில் விழும் பேர்களின் எண்ணிக்கையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அடைமழை மாதத்தில் எட்டுப் பேர் மட்டும் விழுந்த சம்பளச் சீட்டுகளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் அந்த மீதி நாட்களுக்கு யார் பொறுப்பு? இதை எங்கள் கூட்டங்களில் கேட்காத பெண் இல்லை. நேரான பதில், இந்த நாட்டில் வேலையில்லாக் காலத்துக்கென்று மாதக் கொடுப்பனவு தரும் சட்டம் எதுவும் இல்லை. ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது (1958). ஊழியர் நம்பிக்கை நிதி இருக்கிறது (1980). பணிக்கொடைச் சட்டம் இருக்கிறது (1983). இவை மூன்றும் வேலையை விட்ட பிறகு, அல்லது வயது வந்த பிறகு, கையில் வரும் காசு. காரணமில்லாமல் வேலையால் நிறுத்துவதைத் தடுக்க 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதுவும் 180 நாட்களுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குப் பொருந்தாது. வேலை இருக்கிறது, ஆனால் இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை என்று வாழ்கிறவருக்கு இவற்றில் இடமே இல்லை.

ஆகவே வேலையில்லாத பெண்ணும், அரைகுறை வேலையுள்ள பெண்ணும், கணவரை இழந்த பெண்ணும், நடக்க முடியாத தாயும் எல்லோரும் ஒரே வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. முன்பு அந்த வாசலின் பெயர் சமுர்த்தி. அதற்கும் முந்தியது பிச்சைச் சம்பளம். (இந்தப் பெயரை வைத்தவர் ஒருநாளும் அதற்காக வரிசையில் நின்றிருக்கமாட்டார் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.) 2023 ஜூலையிலிருந்து அதன் பெயர் அஸ்வெசும.

சமுர்த்தி வந்த காலத்தில் தோட்டத்து மக்கள் பெரும்பாலும் அதற்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். "தோட்டத்தில் வேலை இருக்கிறது, மாதச் சம்பளம் வருகிறது, கம்பனி பார்த்துக்கொள்ளும்" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. தோட்டத்துப் பெண் என்றால் தொழிலுள்ளவள், கிராமத்துப் பெண் என்றால் தொழிலற்றவள் என்று பார்க்கும் கண் இன்றும் இருக்கிறது.

அஸ்வெசும எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் நிராகரிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலானோர் அதைத் தங்கள் தலைவிதி என்றோ, கிராம சேவகரின் கோபம் என்றோ நினைக்கிறார்கள். இதற்கான சட்டம் நலன்புரி நன்மைகள் சட்டம், 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கம். சட்டம் வந்து இருபது வருடம் கழித்துத்தான் அதன் கீழ் மக்கள் கைக்குக் காசு வந்தது. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்பத்தின் அமைப்பு என்று ஆறு பக்கமாக, மொத்தம் 22 அளவுகோல்கள் வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி இடப்படுகிறது. தகவல் திரட்டுபவர் வீட்டுக்கு வந்து கேட்டு எழுதுகிறார். புள்ளியைக் கணினி போடுகிறது. அந்தப் புள்ளியின்படி நான்கு வகை: இடைநிலை, பாதிப்புக்குள்ளாகக்கூடிய, வறிய, மிகவும் வறிய. தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று வைத்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து வறியவருக்கு 10,000, மிகவும் வறியவருக்கு 17,500 ஆனது. இடைநிலை, பாதிப்புக்குள்ளாகக்கூடிய என்ற முதல் இரண்டு வகைகளும் தொடக்கத்திலிருந்தே குறித்த காலத்துக்கு மட்டும் என்று வைக்கப்பட்டவை. அதனால் எந்த வகைக்குள் விழுகிறோம் என்பது தொகையை மட்டுமல்ல, எத்தனை மாதத்துக்கு வரும் என்பதையும் தீர்மானித்தது.

முதல் கட்டத்தில் ஏறத்தாழ 37 இலட்சம் குடும்பங்கள் விண்ணப்பித்தன. எடுக்கத் திட்டமிட்டிருந்தது 20 இலட்சம். பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்டதும் நாடு முழுவதும் பிரதேச செயலகங்களின் முன்னால் பெண்கள் கூடினார்கள். 2023 ஜூலை 10 வரை கொடுக்கப்பட்ட அவகாசத்துக்குள் ஒன்பதரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்து சேர்ந்தன. ஒரு திட்டத்தில் இத்தனை பேர் "என்னைத் தவறாக எண்ணிவிட்டீர்கள்" என்று எழுத்தில் கொடுத்தால், அத்தனை பேரும் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

அந்த மேன்முறையீடுகளைப் பார்க்கும் உத்தியோகத்தர்களையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு மொழிபெயர்க்கப் போவதால் அவர்களுடைய மேசையருகில் எனக்கு ஒரு கதிரை எப்படியாவது கிடைத்துவிடும். ஒரு பெண் உத்தியோகத்தர், இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு நாள் மதியம் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்காமலேயே வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மிஸ், புள்ளியை நாங்கள் போடுவதில்லை. ஆனால் வாசலில் வந்து அழுகிறவர்கள் எங்களிடம்தான் அழுகிறார்கள். கணினியிடம் போய் அழ முடியாதே." அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். அவருடைய மேசையில் அன்று இருந்த கோப்புகளை எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு கோப்புக்குப் பத்து நிமிடம் கொடுத்தாலும் அந்த மாதம் முடிந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது "குடும்ப அலகு" என்பதற்கு வரைவிலக்கணம் மனப்பாடம் செய்தோம். அது எத்தனை பெரிய விடயம் என்று லயத்தில்தான் விளங்கியது. பக்கத்துப் பிரதேச செயலகப் பிரிவொன்றில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

அந்த அக்கா பிறந்தது களனிப் பள்ளத்தாக்குத் தோட்டம் ஒன்றில். 1977 இலும், 1981 இலும், 1983 இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததை எங்கள் வாசகியரில் பலர் தாய்மார் வாயால் கேட்டிருப்பீர்கள். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983 இல் அக்காவின் பெற்றோர் கைக்குழந்தையான அவரைத் தூக்கிக்கொண்டு முதலில் வவுனியாவுக்கும் பிறகு கிளிநொச்சிப் பக்கமும் போனார்கள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணமாகி, 2009 இல் கணவர் காணாமற்போனார். முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு இருக்க இடமில்லாமல், இரண்டு பிள்ளைகளோடு சித்தியின் லயத்துக் காம்பிராவுக்குத் திரும்பி வந்தார். எரித்துத் துரத்திய மண்ணுக்கே திரும்பி வருவதைப் பற்றி நான் கேட்டபோது, "வேற எங்க மிஸ் போறது? இங்கதான் சித்தி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

காம்பிராவின் நடுவில் பலகைத் தட்டி. ஒரு பக்கம் சித்தி குடும்பம், மற்றப் பக்கம் அக்காவும் பிள்ளைகளும். மின்மானி ஒன்று. வாக்காளர் இடாப்பில் வீட்டு இலக்கம் ஒன்று. சித்தியின் மகன் லீசிங்கில் ஒரு முச்சக்கர வண்டி எடுத்திருந்தான். அக்கா தோட்டத்தில் கைக்காசு வேலை. செக்ரோலில் பேர் இல்லை. தகவல் திரட்ட வந்த இளைஞர் நல்ல பிள்ளைதான், அவசரத்தில் வந்தவர். வாசலில் நின்று கேட்டு எழுதினார். எல்லோரும் ஒரே குடும்பம் ஆகிவிட்டார்கள். வண்டி ஒரு சொத்து. இரண்டு குடும்பத்தின் மின்சாரமும் ஒரே பட்டியலில் கூடுதலாகத் தெரிந்தது. வேலை செய்கிறீர்களா என்று கேட்டதற்கு அக்கா ஆம் என்றார். "வேலை இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னு சொன்னேன். பொய் சொல்லக் கூடாதுல்ல" என்றார் என்னிடம். ஒரு மாதத்தில் எத்தனை நாள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பட்டியலில் பெயர் இல்லை.

மேன்முறையீடு எழுதும்போது இரண்டு விடயங்களில் நாங்கள் நின்றோம். முதலாவது, குடும்பம் என்பது ஒரே கூரையா, ஒரே அடுப்பா என்பது. ஒன்றாகச் சமைத்து உண்பவர்களே ஒரு குடும்ப அலகு என்பதுதான் குடிசன மதிப்பீட்டிலும் பின்பற்றப்படும் வழமை. தட்டிக்கு இரு புறமும் இரண்டு அடுப்பு எரிவதைப் பார்க்க வாருங்கள் என்று எழுதிக் கேட்டோம். இரண்டாவது, கணவர். படிவத்தில் கணவரை இழந்தவர் என்று போட்டால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். திருமணமானவர் என்று போட்டால் கணவரின் வருமானம் கேட்பார்கள். அக்கா மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்துக்கொண்டே இருப்பவர். அவரை அதற்கு வற்புறுத்த எனக்கு எந்த உரிமையும் இல்லை. 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் கீழ் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம், அதை எடுப்பது அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது என்பதை மூன்று தடவை விளக்கிய பிறகு, நான்காவது தடவை சரி என்றார். கிளிநொச்சிக்குப் போய்வர மட்டும் இரண்டு நாள் பேர் போயிற்று.

இங்கே என்னுடைய கருத்தைச் சொல்லிவிட வேண்டும். தீர்மானிப்பவர்கள் ஆதாரம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. பொதுப்பணத்தைக் கொடுக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எரிந்துபோன வீட்டிலிருந்தும், ஷெல் விழுந்த பதுங்குகுழியிலிருந்தும் வந்தவரிடமும், அலுமாரிக்குள் கோப்பு அடுக்கி வைத்திருப்பவரிடமும் ஒரே ஆதாரத்தைக் கேட்பது சமமாக நடத்துவது ஆகாது. நேரில் போய்ப் பார்ப்பதும் ஓர் ஆதாரம்தான். அடுப்புச் சாம்பல் கூட ஆதாரம்தான்.

மற்ற நாடுகளிலும் இந்தத் தீர்மானம் சுலபமாக வந்துவிடவில்லை. பிரித்தானியா 1911 இல் வேலையின்மைக் காப்புறுதியைச் சட்டமாக்கியது. வாரம் 7 சிலிங், அதிகபட்சம் 15 வாரம். கட்டட வேலை, கப்பல் கட்டுதல், இயந்திர வேலை போன்ற சில தொழில்களுக்கு மட்டும்; பெண்கள் அதில் மிகக் குறைவு. தானாக வேலையை விட்டவருக்கும், நடத்தை சரியில்லை என்று நிறுத்தப்பட்டவருக்கும் ஆறு வாரம் கிடையாது. ஆகவே "ஏன் விட்டாய்?" என்ற கேள்வியைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஓர் அதிகாரி வேண்டியிருந்தது. அதே காலத்தில்தான் களனிப் பள்ளத்தாக்கில் பிரித்தானியக் கம்பனிகள் றப்பர் நட்டுக்கொண்டிருந்தன; எட்டியாந்தோட்டை வரை புகையிரதமும் அதற்குள் வந்துவிட்டது. அவர்களுடைய ஊரில் கப்பல் கட்டுகிறவனுக்கு வேலையில்லா வாரத்துக்கு 7 சிலிங். இங்கே பால் வெட்டுகிறவளுக்கு மழைநாளில் பேர் இல்லை. சட்டம் தெரியாமல் நடந்ததல்ல இது.

இந்தியாவில் 2005 இல் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வேலை கேட்டு விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை கொடுக்காவிட்டால் மாநில அரசாங்கம் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டும். முதல் 30 நாட்களுக்குக் கூலியின் கால் பங்குக்குக் குறையாமல், பிறகு அரைப் பங்குக்குக் குறையாமல். எழுத்தில் மிக அழகு. நடைமுறையில் அந்தப் படியைப் பெற்றவர்கள் மிகச் சிலர். காரணம் ஒரு துண்டுக் கடதாசி. வேலை கேட்ட திகதியைக் குறித்த பற்றுச்சீட்டைப் பல இடங்களில் கொடுப்பதே இல்லை. திகதி இல்லையென்றால் 15 நாள் எப்போது தொடங்கியது என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் படித்த இளைஞருக்கான உதவித்தொகையும் அப்படித்தான்; வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்ததைப் பதிவு அட்டைதான் சொல்லும்.

இதை நான் இங்கே எழுதுவது எங்கள் பெண்களுக்கும் இதே பழக்கம் வேண்டும் என்பதற்காக. பிரதேச செயலகத்தில் எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதி எடுத்து அதில் திகதி முத்திரை குத்தித் தரும்படி கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். அநேகமாகக் குத்தித் தருவார்கள். தரமாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கைக்காசு வேலை செய்கிறவர்கள் ஒரு பழைய கொப்பியில் நாள், வேலை, கிடைத்த காசு, மழையால் வேலை இல்லாத நாள் என்று பிள்ளையைக் கொண்டாவது எழுதி வையுங்கள். அந்த அக்காவின் மேன்முறையீட்டோடு நாங்கள் இணைத்தது மகளின் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்த ஐந்து மாதக் கணக்கைத்தான். ஒரு மாதத்தில் ஒன்பது நாள், ஒரு மாதத்தில் பதினான்கு நாள் என்று. அந்தப் பிள்ளையை எழுதச் சொன்னது யாருமில்லை. கடையில் கடன் வாங்குவதற்காக அவளாகவே எழுதியிருக்கிறாள்.

பெயர் விடயமும் ஒரு பெருந்தொல்லை. செக்ரோலில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்லம்மாள், பிறப்புச் சான்றிதழில் வேறொன்று, சேமலாப நிதியில் சிங்களத்தில் எழுதித் திரும்ப ஆங்கிலமாகி இன்னொன்று. பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். கலியாணத்தின் நிமித்தம் வேலையை விட்டால் அதற்கு முன்பும் எடுக்கலாம். ஆனால் கே படிவத்தைக் கொடுத்த பிறகுதான் "இவர் அவரல்ல" என்று கடிதம் வரும். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் எடுத்து, இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டும். இதை 50 வயதில் தொடங்காமல் இன்றைக்கே தொடங்குவது நல்லது. தோட்டத்துக் கிளாக்கர் மாறுவதற்கு முன்பு, பழைய செக்ரோல் மழையில் நனைந்து அழிவதற்கு முன்பு.

பணிக்கொடை பற்றியும் ஒரு வார்த்தை. 15 பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் எந்தக் காரணத்துக்காக வேலையை விட்டாலும் அது அவருக்கு உரியது. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 20 வருடம் வேலை செய்தவருக்கு 1,350 ரூபா வீதம் கணக்குப் பார்த்தால் 3,78,000 ரூபா. வேலையை விட்டு 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். "லயத்துக் காம்பிராவைக் காலி பண்ணினால்தான் தருவோம்" என்று சொல்லப்பட்ட பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். கேட்டதும் பேச்சின் தொனி மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் விடயத்துக்கு வருகிறேன். மேன்முறையீடு கொடுத்து ஏழு மாதத்துக்குப் பிறகு இருவர் வந்தார்கள். ஒருவர் அந்தச் சாப்பாட்டுப் பார்சல் உத்தியோகத்தர். லயத்து வாசலில் நிற்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. இரண்டு பானைகளின் மூடியையும் திறந்து பார்த்தார். சித்தி வீட்டில் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு, அக்கா வீட்டில் ரொட்டியும் சம்பலும். ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டார். கணிதக் கொப்பியின் பக்கங்களைத் தன் கைபேசியில் படமெடுத்தார். போகும்போது மகளிடம் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் நான்கு மாதம். முடிவு வந்தபோது அக்கா தனிக்குடும்பம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு வறியவர் வகையில் வைக்கப்பட்டிருந்தார். மிகவும் வறியவர் என்று வரவில்லை. அதற்கு மறுபடி எழுதலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் மிஸ், முதல்ல இது வரட்டும்" என்றார். வங்கிக் கணக்குத் திறக்கப் போனபோது அடையாள அட்டையில் இருந்த கிளிநொச்சி முகவரி ஒரு சிக்கல். அதற்கும் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம். முதல் மூன்று மாதக் காசு சேர்ந்து வந்த அன்று கடைக்கடனைக் கட்டி, மீதியில் மகளுக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கினார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கேகாலை மாவட்டத்தையும் அடித்துப்போட்ட பிறகு இன்னும் பலர் எங்களிடம் வருகிறார்கள். மண் சரிந்த லயத்திலிருந்து எழும்பி வேறு உறவினரின் காம்பிராவுக்குப் போனவர்கள் அவர்களில் பலர். ஒரு காம்பிராவில் இரண்டு, மூன்று குடும்பம். அவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, அடுப்பு தனியாகவா என்பதைத்தான். செவ்வாய்க்கிழமைகளில் காலை ஒன்பது மணியிலிருந்து படிவம் நிரப்ப உதவுகிறோம். வருகிறவர்கள் அடையாள அட்டையோடு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், கையில் இருக்கிற எந்தப் பழைய துண்டுக் கடதாசியானாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் பிள்ளைகளின் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.